கவிஞர் சூ தோங்போவின் அடுப்படி: பன்றிக்கறி, கெண்டை, காய்க்கஞ்சி, எலும்பு

"சட்டியை நன்றாகக் கழுவு. தண்ணீர் கொஞ்சமாக ஊற்று. விறகை மூடிப் புகையவிடு, சுவாலை எழ வேண்டாம். தானாக வேகட்டும், அவசரப்படுத்தாதே. நெருப்பின் பக்குவம் வந்துவிட்டால் தானாகவே ருசிக்கும்."

சீனத்தின் சோங் காலத்துப் பெருங்கவிஞர் சூ ஷி பன்றிக்கறியைப் பற்றிப் பாடிய சிறு பாட்டின் முதல் பாதி இது. பாட்டு என்று சொன்னாலும் உள்ளே இருப்பது சமையல் குறிப்புதான். பாத்திரம், நீர், தீ, நேரம் நான்கையும் சொல்லிவிட்டார். மசாலா ஒன்றையும் சொல்லவில்லை. அவர் பெயரால் இன்று சமைக்கப்படும் எல்லாவற்றுக்கும் இந்த நான்கும்தான் அடிப்படை. சரக்கில் குறை இருந்தால் சமாளித்துவிடலாம். தீயில் அவசரப்பட்டால் மீட்க வழியில்லை.

1037இல் சிச்சுவான் பகுதியின் மெய்ஷானில் பிறந்தவர். அரசின் கொள்கைகளைக் கவிதையில் குத்திக்காட்டினார் என்று 1079இல் கைதாகி, 1080இல் ஹுவாங்சௌ என்ற ஆற்றங்கரை ஊருக்கு அனுப்பப்பட்டார். பெயருக்கு ஒரு பதவி. அதிகாரமும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வருமானமும் இல்லை. மாதம் பிறந்தால் 4500 காசை எடுத்து 30 கட்டாகக் கட்டி உத்திரத்தில் தொங்கவிடுவார். காலையில் கவைக்கோலால் ஒரு கட்டை இறக்கிக்கொண்டு கோலை ஒளித்துவைத்துவிடுவார். அன்றைய 150 காசில் மிஞ்சியது மூங்கில் குழாய்க்குள் போகும். விருந்தாளி வந்தால் அதிலிருந்து செலவு. ஊருக்குக் கிழக்கே சரிவில் கிடைத்த தரிசு நிலத்தில் பயிர் செய்தார். 'கிழக்குச் சரிவு' என்பதே தோங்போ. அதையே பெயராக வைத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் ஆட்டுக்கறி தின்ற காலம் அது. ஹுவாங்சௌவின் பன்றிக்கறி நல்ல கறி, மண்ணைப் போல மலிவு, பணக்காரன் தின்ன மாட்டான், ஏழைக்குச் சமைக்கத் தெரியாது என்று அதே பாட்டில் அவரே சொல்கிறார்.

தோங்போ பன்றிக்கறி

அந்தப் பாட்டில் சோயாவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இன்று உணவகங்களில் செக்கச்செவேலென்று மினுமினுப்போடு சதுரமாக வருவது ஹாங்சௌ நகரத்தின் முறை. (ஹுவாங்சௌ வேறு, ஹாங்சௌ வேறு.) ஹாங்சௌவில் அவர் இரண்டு முறை அதிகாரியாக இருந்தார். 1090இல் அங்குள்ள மேற்கு ஏரியைத் தூர்வாரி, அள்ளிய சேற்றைக் கொண்டே குறுக்குக் கரை போட்டார். இன்றும் அது சூ கரைதான். ஏரி வேலை செய்தவர்களுக்கு இந்தக் கறியைச் சமைத்துப் போட்டார் என்பது அந்த ஊர்க் கதை. கதை எப்படியோ, முறை நல்ல முறை. முதல்முறை சமைப்பவர்கள் இதையே செய்யுங்கள்.

ஹாங்சௌ முறையின் வழக்கமான அளவு: கறி 1500 கிராம், ஷாவோசிங் அரிசி மது 250 கிராம், சோயா சாஸ் 150 கிராம், சர்க்கரை 100 கிராம், வெங்காயத்தாள் 100 கிராம், இஞ்சி 50 கிராம். இதில் 75 கிராம் வீதம் 20 துண்டு வரும். வீட்டுக்குப் பாதி போதும்: கறி 750 கிராம், மது 125, சோயா 75, சர்க்கரை 50, வெங்காயத்தாள் 50, இஞ்சி 25. பாதியாகக் குறைக்கும்போது சட்டியையும் சிறிதாக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பத்துத் துண்டும் ஒன்றையொன்று ஒட்டி உட்காரும்படி 18 செ.மீ. அகலச் சட்டி சரியாக இருக்கும். அகன்ற சட்டியில் போட்டால் சாறு பரவி, ஒரு மணி நேரத்துக்குள் வற்றி, சர்க்கரை கருகிவிடும்.

கறிக்கடையில் வயிற்றுப் பகுதியை, விலாவை ஒட்டிய இடமாக, தோலோடு, துண்டு போடாமல் ஒரே பாளமாகக் கேளுங்கள். குறுக்கே பார்த்தால் தோல், கொழுப்பு, சதை, கொழுப்பு, சதை என்று அடுக்கு தெரிய வேண்டும், நாலு செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். கொழுப்பும் சதையும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. சதை கூடுதலான துண்டை ஆரோக்கியம் என்று வாங்கினால் இரண்டரை மணி நேரத்தில் நார் நாராக, சக்கையாகிவிடும். தோல் நீக்கிய கறியில் இந்தப் பதார்த்தம் வராது. சாற்றுக்குப் பசைபோன்ற பிடிப்பைக் கொடுப்பது முக்கியமாகத் தோல்தான்.

தோலில் முடி வேர் இருக்கும். அடுப்புத் தீயில் தோல் பக்கத்தைப் பொன்னிறமாக வாட்டி, வெந்நீரில் நனைத்து, கத்தியின் விளிம்பால் சுரண்டுங்கள். இதை விட்டால் கடைசியில் ஒரு கவிச்சி வாடை நிற்கும். எத்தனை மது ஊற்றினாலும் போகாது. பிறகு பாளத்தை முழுசாகவே கொதிநீரில் 5 நிமிடம் போட்டு எடுத்துக் கழுவுங்கள். நுரையும் இரத்தமும் வெளியேறும், கறியும் இறுகும். இறுகிய பிறகு வெட்டினால்தான் ஓரம் பிசிறில்லாமல் நாலரை செ.மீ. சதுரமாக வரும். பச்சையாக வெட்டி வேகவைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். பருத்தி நூலால் ஒவ்வொரு துண்டையும் பார்சல் மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். கட்டாயமில்லை, ஆனால் முதல்முறை கட்டிவிடுவது நல்லது. கடைசிக் கட்டத்தில் கொழுப்பு அடுக்கு மிருதுவாகி, தூக்கும்போது தோல் தனியே வழுக்கிக்கொண்டு வரும். நூல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

மண் சட்டி உத்தமம். அடி கனமான வார்ப்பிரும்புப் பாத்திரமும் ஆகும். அடியில் மூங்கில் தட்டி போட வேண்டும். இல்லையென்றால் துளையுள்ள சிறு தட்டு. அதன்மேல் வெங்காயத்தாளைப் பாதி நீளத்தில் நறுக்கிப் படுக்கை போட்டு, தட்டி நசுக்கிய இஞ்சியைப் பரப்பி, கறித்துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். சர்க்கரையைத் தூவி, சோயாவையும் மதுவையும் ஊற்றுங்கள்.

ஊற்றியது மொத்தம் 200 மி.லி. சொச்சம்தான். பார்த்தால் கறியின் கால் உயரம்கூட நனையாது. இங்கே கை தானாகத் தண்ணீர்ச் செம்புக்குப் போகும்; போகவிடாதீர்கள். 'தண்ணீர் கொஞ்சமாக ஊற்று' என்று பாட்டில் வருவது இதற்காகத்தான். கறியிலிருந்து நீரும் கொழுப்பும் இறங்கி, அரை மணி நேரத்தில் சாறு மேலேறும். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் அது அவித்த கறி. சாறு கடைசிவரை கெட்டிப்படாது, ருசியும் கறிக்குள் போகாது.

மூடி, நடுத்தரத் தீயில் ஒரு கொதி வந்ததும் மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்துவிடுங்கள், பிரியாணிக்குத் தம் போடுவதுபோல. தீயை இருப்பதிலேயே குறைவாக வையுங்கள். கேஸ் அடுப்பின் சிறு தீயும் இதற்கு அதிகம்தான். சட்டிக்கு அடியில் கனமான தோசைக்கல்லை வைத்தால் சரியாகும். மூடி தடதடக்கக் கூடாது. உள்ளே ஒரு ஓரத்தில் மட்டும் சோம்பலாகக் குமிழி வந்தால் அதுதான் பதம். கொதித்துத் தளும்பினால் சதை இறுகித் தன் நீரைக் கக்கிவிடும். தோலிலும் சவ்விலும் இருக்கும் கொலாஜன் ஜெலட்டினாக மாற நேரம் வேண்டும். தீயைக் கூட்டி அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் தோல் மெழுகாகும் முன்பே சதை காய்ந்துவிடும்.

மாவுப் பூட்டு போட்டால் இடையில் பார்க்க முடியாது. அடுப்பின் சுபாவம் பழகாதவர்கள் மாவுக்குப் பதில் ஈரத் துணியை விளிம்பில் சுற்றி, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை திறந்து பார்க்கலாம். சாறு ஒரு விரல் உயரத்துக்குக் கீழே போயிருந்தால் கொதிநீர் கால் டம்ளர் விடுங்கள். பச்சைத் தண்ணீர் விடாதீர்கள்.

இரண்டு மணி நேரத்தில் கறி முக்கால் பதம் தாண்டியிருக்கும். திறந்து துண்டுகளைத் தோல் மேலே வரும்படி திருப்பி, மறுபடி மூடி இன்னும் அரை மணி நேரம். முதலில் தோல் கீழே இருந்ததற்குக் காரணம், இருப்பதிலேயே கடினமான பகுதி சாற்றில் அமிழ்ந்து கிடக்க வேண்டும் என்பது. இப்போது சதையின் முறை. தவிர, மிருதுவான தோல் இனியும் அடியில் கிடந்தால் தட்டியில் ஒட்டிக் கிழியும்.

ஹாங்சௌக்காரர்கள் இதோடு நிறுத்துவதில்லை. சாற்றை உயரமான டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் கொழுப்பு மேலே தெளிந்து நிற்கும். அதை வழித்தெடுத்துவிட வேண்டும். கறியைத் தோல் மேலாகச் சிறு கிண்ணங்களில் வைத்து, தெளிந்த சாற்றை ஊற்றி, மூடி, பலமான ஆவியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். இந்தக் கடைசி அரை மணியில்தான் மிச்சக் கொழுப்பும் இறங்கி, வாயில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கரையும் பதம் வருகிறது. 'திகட்டுகிறது' என்று சொல்பவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ஆவியில் வைக்காத கறியாக இருக்கும். சாப்பாட்டுக் குச்சியை அழுத்தாமல் தோல்மேல் நிறுத்தினால் தன் கனத்திலேயே உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் இன்னும் கால் மணி நேரம் ஆவி.

சரக்கைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். 'சமையல் மது' என்று விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் உப்பு கலந்திருக்கும். அதைத்தான் வாங்கினீர்கள் என்றால் சோயாவைக் கால்பங்கு குறையுங்கள். ஷாவோசிங் கிடைக்காவிட்டால் இனிப்பில்லாத ஷெர்ரி ஓரளவு ஈடுகட்டும். திராட்சைச் சிவப்பு மது புளிக்கும். சோயாவில் இளநிறச் சாஸ் 60 மி.லி., கருநிறச் சாஸ் 15 மி.லி. என்று கலந்தால் உப்பும் நிறமும் நிதானமாக இருக்கும். முழுக்க இளநிறம் என்றால் உப்பு கூடும், கறி வெளிறும்; முழுக்கக் கருநிறம் என்றால் கசக்கும். சர்க்கரைக்குப் பதில் கற்கண்டு போடுபவர்கள் உண்டு. மினுமினுப்பு நன்றாக வரும். வெல்லம் வேண்டாம், அதன் மணம் மதுவை அமுக்கிவிடும். பூண்டு, பட்டை, அன்னாசிப்பூ எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் நல்ல கறியாகத்தான் இருக்கும், ஆனால் வேறு கறியாக இருக்கும்.

பிரஷர் குக்கரில் ஆகாதா? தோல் வெந்துவிடும். ஆனால் சாறு வற்றாது, மதுவின் கார வாடை உள்ளேயே அடைபடும், சதை உதிரும். வேறு வழியில்லை என்றால் முதலில் மதுவைத் திறந்த சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு குக்கரில் 20 நிமிடம். அப்போதும் கடைசி ஆவியை விடாதீர்கள். மிச்சம் மூன்று நாள் ஃபிரிட்ஜில் தாங்கும். மறுபடி சூடாக்குவதும் ஆவியில்தான். மைக்ரோவேவில் தோல் படபடவென்று வெடிக்கும். வெறும் வெள்ளைச் சோறும் வேகவைத்த கீரையும் இதற்குப் போதுமான துணை.

கெண்டை மீன்

ஹுவாங்சௌவுக்கு வந்த புதிதிலேயே, 'யாங்சி ஊரைச் சுற்றி ஓடுகிறது, மீன் ருசிக்கும் என்று தெரிகிறது' என்று எழுதியவர். அங்கே மீனைத் தானே சமைப்பார். அந்த முறையையும் எழுதிவைத்திருக்கிறார்: புதிய கெண்டையை, குளிர்ந்த தண்ணீரில், உப்போடு, சீன முட்டைக்கோஸின் குருத்து, முழு வெங்காயத்தாள் தண்டுகள், கிளறக் கூடாது, பாதி வெந்ததும் இஞ்சிச் சாறு, முள்ளங்கிச் சாறு, மது மூன்றும் சம அளவில் சிறிது கலந்து ஊற்ற வேண்டும், இறக்கும் முன் ஆரஞ்சுத் தோல் இழைகள்.

அவர் அளவு தரவில்லை. முக்கால் கிலோ மீனுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: தண்ணீர் மீன் முங்கும் அளவு (ஒரு லிட்டர் வரும்), உப்பு ஒரு தேக்கரண்டி, கோஸ் குருத்து 200 கிராம், வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு ஐந்து, மூன்று சாறுகளும் மேசைக்கரண்டி ஒவ்வொன்று. சாதாக் கெண்டை இல்லாவிட்டால் ரோகு, கட்லா எதுவானாலும் சரி, அவையும் கெண்டைக் குடும்பம்தான். செவுளையும் வயிற்றின் உட்புறக் கருப்புச் சவ்வையும் மிச்சமில்லாமல் எடுங்கள். கெண்டையின் சேற்று வாடைக்கும் கசப்புக்கும் பாதிக் காரணம் அந்தச் சவ்வு.

குளிர்ந்த நீரில் தொடங்கினால் மீன் வெளியும் உள்ளும் ஒரே சீராகச் சூடேறும். கொதிநீரில் போட்டால் தோல் சுருங்கிப் பிளக்கும். கிளறாதே என்பதைச் சட்டியைக் குலுக்காதே என்றும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாறுகளை ஆரம்பத்திலேயே ஊற்றினால் இஞ்சியின் காட்டமும் மதுவின் மணமும் ஆவியோடு போய்விடும். அதனால்தான் பாதி வேக்காட்டில், அதாவது சதை வெண்மையாகி முள்ளை ஒட்டி மட்டும் இளஞ்சிவப்பு நிற்கும்போது ஊற்றச் சொல்கிறார். ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளையைச் சுரண்டிவிட்டு, வெளித்தோலை மட்டும் நூலாக அரியுங்கள். அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் இருக்கும்போது போட்டால் போதும். இரண்டு நிமிடம் தாண்டினால் கசப்பு இறங்கும்.

தோங்போ காய்க்கஞ்சி

சைவர்களுக்கு ஏற்றது இது. மீன், இறைச்சி, மசாலா எதுவும் இல்லாமல் இயற்கையான இனிப்பு வரும் என்று அவரே பெருமைப்பட்டுக்கொள்கிறார். இதன் அழகு ருசியைவிட ஏற்பாட்டில் இருக்கிறது: ஒரே தீயில் கீழே கஞ்சி, மேலே சோறு.

நான்கு பேருக்குச் சீன முட்டைக்கோஸ் 300 கிராம், முள்ளங்கி 200 கிராம், டர்னிப் 150 கிராம், அரிசி நொய் 50 கிராம், இஞ்சி ஒரு சிறு துண்டு, தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். காய்களை நறுக்கிக் கையால் கசக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கசப்புச் சாற்றைப் போக்குங்கள். கசக்காமல் போட்டால் கஞ்சியில் காறல் தெரியும். மறைக்க இங்கே மசாலாவும் கிடையாது.

உயரமான பாத்திரத்தின் உள்விளிம்பிலும் ஒரு பீங்கான் கிண்ணத்திலும் எண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், மணமில்லாத எண்ணெய் போதும். தண்ணீர் கொதித்ததும் காய், நொய், இஞ்சி. பாத்திரம் பாதிக்குமேல் நிரம்பக் கூடாது. உள்ளே உயரமான தாங்கி வைத்து, அதன்மேல் எண்ணெய் தடவிய கிண்ணத்தைக் கவிழ்க்க வேண்டும். கிண்ணம் கஞ்சியைத் தொடக் கூடாது. தொட்டால் பச்சை எண்ணெய் வாடை ஏறி, வெந்து முடிந்தாலும் போகாது என்று எச்சரிக்கிறார். அதற்கு மேலே ஆவித்தட்டு. அதில் ஈரத் துணி விரித்து, அரை வேக்காட்டில் வடித்த சோறு.

உடனே மூடிவிடாதீர்கள். காயின் பச்சை வாடை போகும்வரை, பத்து நிமிடமாவது, திறந்தே இருக்கட்டும். இல்லையென்றால் அந்த வாடை முழுக்கச் சோற்றில் ஏறும். பிறகு மூடி அரை மணி நேரம். கஞ்சி பொங்கி எழும்போது விளிம்பிலுள்ள எண்ணெய் நுரையை உடைக்கிறது, கிண்ணம் மேலிருந்து தடுக்கிறது. அதனால் மேலே ஏறாது. ஏறினால் என்ன என்று கேட்டால், ஈரம் சோற்றின் அடியை அடைத்து ஆவி உள்ளே போகாமல், சோறு வேகாமல் நின்றுவிடும். சோறு வெந்த நேரத்தில் காயும் குழைந்திருக்கும். மூலத்தில் உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வதில் குற்றமில்லை, அதற்கு மேல் போனால் முள்ளங்கியின் இனிப்பு மறைந்துவிடும்.

முதுகெலும்பு வாட்டல்

1094இல் மறுபடி தண்டனை, இன்னும் தெற்கே ஹுய்சௌவுக்கு. நாளுக்கு முந்நூறு லிச்சிப் பழம் தின்னக் கிடைத்தால் என்றென்றும் தெற்கத்திக்காரனாகவே இருந்துவிடச் சம்மதம் என்று பாடியது அங்கேதான். அந்த ஊர்ச் சந்தையில் நாளுக்கு ஒரே ஓர் ஆடு வெட்டுவார்கள். நல்ல கறிக்கு அதிகாரிகளோடு போட்டி போட முடியாமல், கசாப்புக்காரரிடம் முதுகெலும்பை வாங்குவார். தம்பிக்கு எழுதிய கடிதத்தில் செய்முறை இருக்கிறது. இந்த வழக்கம் பரவினால் நாய்கள்தான் வருத்தப்படும் என்று கடிதத்தில் ஒரு கேலியும் உண்டு.

ஒரு கிலோ முதுகெலும்பைக் கணு கணுவாக வெட்டி வாங்குங்கள். மூடி ஒன்றரை மணி நேரம் வேகவைக்கலாம். குக்கரில் ஆறு விசில் விட்டாலும் இதற்குக் கெடுதல் இல்லை, எப்படியும் சதையைப் பிய்த்துத்தான் தின்னப்போகிறோம். முக்கியமான இடம் அடுத்தது: சூடாக இருக்கும்போதே வடிதட்டில் எடுத்துவிட வேண்டும். தண்ணீரிலேயே ஆறவிட்டால் எலும்பு நீரைப் பிடித்துக்கொண்டு உலராது என்று அவர் காரணத்தோடு எழுதுகிறார். சூட்டில் எடுத்தால் மேலிருக்கும் ஈரம் தானாக ஆவியாகிவிடும். ஈர எலும்பு தணலில் வாடாது, அவிந்துகொண்டேதான் இருக்கும்.

உலர்ந்த எலும்பை அரை டம்ளர் அரிசி மதுவில் புரட்டி அரை மணி நேரம் ஊறவிட்டு, உப்பை இலேசாகத் தூவி, கரித்தணலிலோ கிரில்லிலோ ஓரம் இலேசாகக் கருகும்வரை வாட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகும். எண்ணெய் தடவ வேண்டாம், எலும்பிடுக்கில் இருக்கும் கொழுப்பே போதும். கணுக்களுக்கு நடுவில் இருப்பதை நண்டுக் காலைக் குடைவதுபோல் குடைந்து தின்ன வேண்டும் என்பது அவர் சொன்ன விதம். கூரான மூங்கில் குச்சி இருந்தால் வேலை சுலபம். முள்கரண்டி இடுக்குக்குள் போகாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், காய்க்கஞ்சிக்கு ஆகும், சைவர்கள் சாப்பிடப் போவதில்லை என்றால்.